துப்பக்கூடாது என்பது விதி

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் எலி எழுதுகிறேன். நான் சுகம், அவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? திங்கட்கிழமை தவறாமல் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறாயா? முதலில் அதற்குப் பதில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜப்பான், கொரியா, தாய்லாந்து என்று எங்கிருந்தெல்லாமோ தின்பண்டம் வந்து இறங்கும் குடோன். பாக்கெட்டில் இருக்கும் எழுத்து இங்கே யாருக்கும் புரியாது. அதனால் ஒவ்வொன்றின் முதுகிலும் நம் எழுத்தில் ஒரு லேபிள் ஒட்டுவதுதான் என் வேலை. உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். நசுங்கிய பாக்கெட்டை விற்க முடியாது. அது எங்கள் வாய்க்குப் போவதை சூப்பர்வைசர் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

எதிர் மேஜையில் ஒருத்தி இருக்கிறாள். இடுப்பில் எந்நேரமும் கத்திரிக்கோல் தொங்குவதால் அவளுக்குப் பெயரே கத்திரி. சாப்பாட்டு வேளையில் நாங்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறோம். ஒருத்தி கண்ணை மூடிக்கொள்வாள், மற்றவள் அவள் நாக்கில் ஏதாவது ஒன்றை வைப்பாள். விழுங்கும்வரை கண்ணைத் திறக்கக்கூடாது. என்ன ஆனாலும் துப்பக்கூடாது. இதுதான் விதி.

இன்று மோச்சி என்று ஒன்று. அரிசிமாவு உருண்டை, உள்ளே சிவப்புப் பயறு அரைத்த இனிப்பு. வாயில் வைத்ததும் பயந்தே போனேன். "என்னடி இது, குழந்தையோட காது மாதிரி இருக்கு!" என்று அலறினேன். கத்திரி சிரித்துச் சிரித்து அட்டைப்பெட்டிமேல் சரிந்துவிட்டாள்.

என் போன் பழுதாகிவிட்டது, அதனால் இனிமேல் கடிதம்தான். குடோன் முகவரிக்கே எழுது. வீட்டுக்கு வருகிற தபால் சரியாகக் கைக்கு வருவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. யாரோடும் வம்பு வேண்டாம்.

உன் தங்கை

மார்ச் 20

என் எலிக்கு,

அண்ணன் எழுதுவது. முதுகும் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை. நீ சுகம் என்று படித்ததில் சந்தோஷம். மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.

திங்கட்கிழமை தவறவில்லை. ஸ்டேஷன் ரைட்டர் என்னைக் கண்டதும் பேனாவை நீட்டிவிடுகிறார், டீ ஒன்றுதான் பாக்கி. ஊர் எல்லையைத் தாண்டவில்லை. எவனாவது என்மேல் ஒரு புகார் கொடுத்தால் மிச்சத் தண்டனையும் உள்ளேதான் என்று ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்துகிறார்கள், நான் மறந்துவிட்ட மாதிரி. பஸ் நிறுத்தத்தில் உன் கையைப் பிடித்து இழுத்தவன் தாடையை உடைத்ததற்கு நான் இன்றும் வருத்தப்படவில்லை. ஆனால் உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டேன், இனி எவன்மேலும் கை ஓங்கமாட்டேன் என்று. அதனால் சுவர்மேல் மட்டும் ஓங்குகிறேன். இப்போது ஒரு பழைய நூல் மில்லை இடிக்கிறோம். இந்த வேலைக்கு என் மாதிரிக் கோபக்காரன்தான் லாயக்கு என்கிறார் மேஸ்திரி.

உன் விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. உன் வாய்க்கு மெத்தென்று எதற்கு? சோடா மூடியைப் பல்லால் திறந்தவள் நீ. சின்ன வயதில் நீ கடித்த தடம் என் முன்கையில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஏதாவது கெட்டியானதாகத் தின்று எழுது.

போனை மாப்பிள்ளை பழுது பார்க்கக் கூடாதா? லிப்ட்டையே பழுது பார்க்கிறவர் ஆயிற்றே.

அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள், சோம்பல்படாதே.

நீ கேட்டபடி கெட்டியான சங்கதிகளும் வந்தன. காயவைத்த கணவாய் மீன், நாடா நாடாகக் கிழித்தது. பார்த்தால் பெல்ட்டை நெருப்பில் வாட்டிய மாதிரி இருந்தது. அதைக் கத்திரிக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். எள்ளும் பாகும் சேர்த்துக் கல்லாக இறுகிய பலகை ஒன்று வந்தது, அதுவும் அவளுக்குத்தான். கடல்பாசித் தாள் என் பங்கு. கார்பன் பேப்பர் மாதிரி கறுப்பாக இருந்து, நாக்கில் பட்டதும் தானாகக் கரைந்துவிடுகிறது. கிண்ணத்தில் வரும் லிச்சி ஜெல்லி அதைவிட அருமை, மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு போய்விடும்.

நேற்று உப்பில் ஊறவைத்த பிளம் பழம். உதட்டில் இருந்த சின்னக் காயத்தில் உப்பு ஏறி உயிர் போய்விட்டது. கத்திரி, "துப்புடி, துப்பித் தொலை!" என்று கத்தினாள். விதி விதிதான் என்று விழுங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தால் அவள் கண்ணிலும் தண்ணீர். அவள் ஒன்றும் தின்னவே இல்லை அண்ணா.

அவருக்கு வேலை அதிகம். மற்றபடி விசேஷம் இல்லை.

உன் தங்கை

ஏப்ரல் 17

எலிக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தை மில் சுவர் நிழலில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். கரைவதெல்லாம் உனக்கு, வழுக்குவதெல்லாம் உனக்கு, கடிக்கவேண்டியதெல்லாம் கத்திரிக்கு. கெட்டிப் பண்டத்தை என் எலி அடுத்தவளுக்கு விட்டுக்கொடுக்கிறதா? என்னோடு மல்லுக்கட்டி எலும்பைப் பிடுங்கித் தின்றவளா விட்டுக்கொடுப்பவள்?

உன் பல்லுக்கு என்ன ஆயிற்று? உதட்டில் காயம் எப்படி வந்தது? கதவில் இடித்துக்கொண்டேன் என்று மட்டும் எழுதாதே. தினமும் கதவைப் பெயர்க்கிறவன் நான். எந்தக் கதவும் உதட்டில் இடிக்காது.

அந்த எள்ளுப் பலகையில் ஒரு துண்டை நீ எப்போதும் எலும்பு உடைக்கிற வலது கடைவாயில் வைத்து உடைத்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

அண்ணன்

ஏப்ரல் 25

அண்ணாவுக்கு,

நலம். குளியலறையில் வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான். பல்லைப் பற்றி இனிமேல் கேட்காதே. இப்படித் துருவித் துருவிக் கேட்பாய் என்றால் நான் பண்டத்தைப் பற்றியே எழுதமாட்டேன்.

என் தலைமேல் நீ செய்த சத்தியத்தை மறக்காதே. நீ வெளியே இருப்பது ஒன்றுதான் எனக்கு நிம்மதி. அதை எனக்குக் கொடு, வேறெதுவும் வேண்டாம்.

துரியன் என்று நாற்றம் பிடித்த பழம் ஒன்று, போன வாரம் அதன் மிட்டாய்ப் பெட்டி உடைந்துவிட்டது. காஸ் கசிகிறது என்று நினைத்து சூப்பர்வைசர் முதல் ஆளாக வெளியே ஓடினார். நீயும் கொஞ்சம் சிரி.

தங்கை

ஜூன் 5

இடுப்பில் கத்திரிக்கோல் வைத்திருக்கும் தங்கைக்கு,

முன்பின் தெரியாதவன் எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். உன் எதிர் மேஜைக்காரியின் அண்ணன் நான். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

அவளுக்கு இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. அவள் வேலைக்கு வருகிறாளா? அவள் வாயில் பிளம் பழத்தை வைத்துவிட்டு நீ ஏன் அழுதாய்? என்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன்னையும் கட்டிப்போட்டிருப்பாள், எனக்கு அவளைத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, எனக்கும் அப்படியே.

அவள் அண்ணன்

ஜூன் 12

அண்ணனுக்கு வணக்கம்.

நான் சுகம். அவளைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. என்னிடம் சத்தியம் செய்யச் சொன்னாள். காதில் வாங்கிக்கொண்டேன், செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன் பழுதானது என்று அவள் உங்களுக்கு எழுதியது பொய் இல்லை. அந்தப் போனால்தான் அவள் புருஷன் அவளைத் தாடையில் அடித்தான். போனும் உடைந்தது, வலப்பக்கக் கடைவாய்ப் பல்லும் உடைந்தது. அது பிப்ரவரியில். அதற்கப்புறம் கணக்கே இல்லை. லிப்ட் இரும்புக் கம்பிக்கயிற்றில் ஒரு துண்டை வெட்டிக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறான். கைப்பிடிக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறானாம், அவன் கை நோகக்கூடாதாம். போன மாதம் விலா எலும்பில் விரிசல். கிடந்துவிட்டு இந்த வாரம்தான் வந்தாள். குனிந்து லேபிள் ஒட்ட முடியாமல் நின்றுகொண்டே ஒட்டுகிறாள்.

"போலீசுக்குப் போலாம் வாடி" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரமாட்டேன் என்கிறாள். அவன் சொல்லி வைத்திருக்கிறானாம், "நீ படி ஏறினா நானும் ஏறுவேன். உங்க அண்ணன் என்னை மிரட்டினான்னு ஒரு வார்த்தை போதும், அவன் உள்ள, நீ நடுத்தெருவுல" என்று. உங்களுக்காகத்தான் அண்ணா அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

தயவுசெய்து கிளம்பி வந்துவிடாதீர்கள். அவன் காத்திருப்பதே அதற்குத்தான். அவளை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வரப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

கத்திரி

ஜூன் 16

எலிக்கு,

எல்லாம் தெரிந்துவிட்டது. கத்திரியைத் திட்டாதே.

அவன் கையை மணிக்கட்டோடு வாங்கியிருப்பேன். கம்பிக்கயிற்றை அவன் கழுத்தில் சுற்றி அவன் பழுது பார்க்கிற லிப்ட்டிலேயே தொங்கவிட்டிருப்பேன். பஸ் நிலையம்வரை போய்விட்டேன், தெரியுமா? டிக்கெட் வாங்கக் கை நீட்டும்போது முன்கையில் உன் பல் தடம் கண்ணில் பட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

கை ஓங்கமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். தபாலில் அனுப்பமாட்டேன் என்று செய்யவில்லை. என் பெரிய சம்மட்டியின் தலையைக் கைப்பிடியிலிருந்து கழற்றி, உன் வீட்டு முகவரிக்கு, அவன் பெயருக்குப் பார்சல் போட்டுவிட்டேன். உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. அனுப்புநர் இடத்தில் என் பெயரைத்தான் எழுதினேன், ஒளிந்துகொண்டு மிரட்ட எனக்கு வராது. அந்த இரும்பைப் பார்த்தாலே அவனுக்குப் புரியும். இனி உன்மேல் கை வைக்கப் பயப்படுவான்.

தைரியமாக இரு.

அண்ணன்

ஜூலை 14

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கத்திரியின் அறையிலிருந்து எழுதுகிறேன். நீ நலமாக, வெளியே இருக்கிறாய் என்று உன் ஊர் ரைட்டர் சொன்னதாக இங்கே இன்ஸ்பெக்டர் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தண்ணீர் இறங்கியது. அவனை அவர் என்று எழுத இனி எனக்கு வராது.

அவன் பயப்படுவான் என்று நினைத்தாயே, முட்டாள் அண்ணா! பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். சம்மட்டித் தலையைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தான். "உங்க அண்ணனே பேர் எழுதி அனுப்பியிருக்கான்டி. இதைவிட என்ன வேணும்?" என்றான். உடனே ஸ்டேஷனுக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. அதை வைத்து விளையாட ஆரம்பித்தான்.

எங்கள் விளையாட்டைப் பற்றி வேலைக்குப் போன புதிதில் நானேதான் சிரித்துக்கொண்டு அவனிடம் சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்திருந்தான். சாயங்காலம் என்னை மேஜையில் உட்காரவைத்து, "கண்ணை மூடு. வாயைத் திற. என்னன்னு சொல்லு" என்பான். முதல்நாள் மிளகாய்த்தூள், ஒரு கரண்டி நிறைய. அடுத்தநாள் சோப்புக் கட்டி. அதற்கடுத்து, சொல்ல மாட்டேன். "துப்பினா நாளைக்குக் காலையில பார்சலோட ஸ்டேஷனுக்குப் போறேன்" என்பான். நான் துப்பவில்லை. சரியாகச் சொன்னாலும் அடி, தப்பாகச் சொன்னாலும் அடி. எனக்கு எதிரில் அந்த இரும்பு உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடினாலும் அதன் துரு நாற்றத்தில் உன் கை நினைவுதான் வரும்.

போன வியாழக்கிழமை நாக்கில் வைத்ததும் கிரீஸ் நாற்றம். திருகாணி. ஒன்றை வைத்தான், இன்னொன்றை வைத்தான். "லிப்ட் திருகாணி" என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். "கரெக்ட். முழுங்கு" என்றான். முழுங்க முடியவில்லை. மோவாயைப் பிடித்துக்கொண்டு விரலைவிட்டுத் தொண்டைக்குள் தள்ளினான்.

முழுங்கினால் நான் செத்தேன், துப்பினால் நீ ஜெயிலுக்குள். இது இரண்டைத்தான் இத்தனை நாளாக மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருப்பது அப்போதுதான் புரிந்தது. கடித்தேன்.

வலப்பக்கம் பல் இல்லை. இடப்பக்கம் போதுமானதாக இருந்தது. அவன் கத்தினான், என் தலைமயிரைப் பிடித்து மேஜையில் மோதினான், இன்னொரு கையால் விலாவில் குத்தினான், பழைய விரிசல் இருந்த இடத்திலேயே. விடவில்லை. அடி விழ விழ இன்னும் இறுக்கினேன். எலும்பு என்று தெரிந்தும் விடவில்லை. உள்ளே ஏதோ முறிந்தது. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டே துப்பினேன்.

இரண்டு திருகாணி, ஆட்காட்டி விரலின் நுனி, என் பல்லில் ஒரு சில்லு. எல்லாம் தரையில் கிடந்தன. அவன் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சட்டை முழுக்க ரத்தம். எனக்கு இரக்கம் வரவில்லை அண்ணா. வரும் வரும் என்று கொஞ்சநேரம் காத்துக்கூடப் பார்த்தேன்.

பிறகு பார்சல் உறையை அடுப்பில் போட்டு எரித்தேன். சம்மட்டித் தலையைப் புடவைத் துணியில் கட்டி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று நினைத்து பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். கத்திரி கதவைத் திறந்து என் வாயைப் பார்த்தாள், மூட்டையை வாங்கி அறைக்குள் வைத்துப் பூட்டினாள். நேராக ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இன்ஸ்பெக்டர் அம்மா, "எங்க, வாயைத் திறம்மா" என்றார். திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் என் பக்கம் நின்று கேட்ட கேள்விகள்தான்.

அவன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான் போல, உங்க அண்ணன் சம்மட்டி அனுப்பினானாமே என்று மட்டும் ஒருமுறை கேட்டார். எங்க அண்ணனுக்குக் கடுதாசி போடவே சோம்பல், பார்சலா போடுவான் என்றேன். வீட்டில் தேடியிருக்கிறார்கள். கம்பிக்கயிறுதான் கிடைத்தது.

இனிமேல் என்னைக் கேட்காமல் எதையும் அனுப்பாதே.

உன் எலி

ஜூலை 21

என் எலிக்கு,

நான் வெளியேதான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், வலி குறைந்ததா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மில்லின் வடக்குச் சுவரைத் தனி ஒருவனாக இடித்தேன். மேஸ்திரி பக்கத்தில் வரவே பயந்தார். இடித்து முடித்து அந்தச் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து அழுதேன். நான் அனுப்பிய இரும்புதான் அவன் கையில் ஆயுதமாயிற்று. அவனை மிரட்டுகிறேன் என்று உன் வாயில் திருகாணியை வைத்தவன் நான்தான். கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது என்று நீ சொல்லுவாய், நான் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக நீ என்னைத் திட்டவேண்டும், முட்டாள் என்று ஒரு வார்த்தையோடு விட்டது போதாது.

ஸ்டேஷனில் என்னையும் விசாரித்தார்கள். கைப்பிடி மட்டும் இருக்கிற சம்மட்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தலை கழன்று இடிபாட்டில் எங்கோ புதைந்துவிட்டது ஐயா என்றேன். ரைட்டர் என்னையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார், அன்று டீயும் வந்தது.

நீ விடாமல் பிடித்திருந்தாயே, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முன்கையைத் தடவிக்கொள்கிறேன். கத்திரிக்கு என் கும்பிடு.

அண்ணன்

ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். விலா எலும்பு கூடிவிட்டது. வலப்பக்கம் புதுப் பல் கட்டியாயிற்று, நாக்கு மட்டும் இன்னும் பழைய ஓட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறது. உன் முதுகு எப்படி?

வழக்கு நடக்கிறது. அவன் ஜாமீனில் வந்ததும் ஒருநாள் குடோன் வாசலுக்கு வந்தான், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு. "வெளிய வாடி, உன் கழுத்தை அறுக்காம விடமாட்டேன்" என்று கத்தினான். நான் மேஜைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், பொய் சொல்லமாட்டேன். அதற்குள் கத்திரி கத்திரிக்கோலோடு வாசலுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே பெட்டி பிரிக்கும் பகுதிப் பெண்கள் எல்லாரும் அட்டை அறுக்கிற கத்தியோடு போய் வரிசையாக நின்றார்கள். சூப்பர்வைசர்கூட ஓடவில்லை, போலீசுக்குப் போன் செய்தார். நானும் போய் முன்னால் நின்று பல்லைக் காட்டினேன். அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு போனான். மிரட்டியதற்காக மறுநாளே ஜாமீனை ரத்து செய்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

உன் சம்மட்டித் தலை எங்கள் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு பத்திரமாக இருக்கிறது. கத்திரி அதன் முதுகில் லேபிள் ஒட்டியிருக்கிறாள்: "பொருள்: இரும்பு. சர்க்கரை இல்லை. குழந்தைகளுக்கும் அண்ணன்களுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவும்."

பழைய விளையாட்டைப் பல நாள் நாங்கள் தொடவே இல்லை. கண்ணை மூடச் சொன்னாலே எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். கத்திரி வற்புறுத்தவில்லை, தான் கண்ணை மூடிக்கொண்டு என் கையால் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். நேற்று நானாகவே கண்ணை மூடினேன். வெகுநேரம் அவள் எதுவும் வைக்கவில்லை. பிறகு ஒரு துண்டு கணவாய் வைத்தாள். புதுப் பல்லால் மென்றேன். அப்பா, என்ன கண்றாவி அது! பெல்ட்டேதான். சமைக்காத பெல்ட். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஜன்னலுக்கு வெளியே துப்பினேன். கத்திரி கைதட்டினாள். இருவரும் சிரித்து ஓய்ந்தபிறகு விதியை மாற்றிவிட்டோம்.

இத்துடன் உனக்கும் ஒரு பாக்கெட் அனுப்புகிறேன். என்னவென்று சொல்லமாட்டேன், லேபிளையும் உரித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தின்று பார். பிடித்திருந்தால் விழுங்கு. பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடு அண்ணா.

உன் எலி